பாதிச் சாட்சியம் தெருவுக்கு வந்த நாள்

அக்கா,

சென்ற வாரம் ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்த பெண், பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். ஊசி போட்டே வயிறு வளர்த்தவள் நான். அந்த வாசனையில் எனக்குப் புதிதாக என்ன இருக்கிறது? ஆனால் கண்ணை மூடியதும் வார்டு நினைவுக்கு வரவில்லை. பாலக்கரையில் உங்கள் வீட்டு முன்னறைதான் வந்தது. ஆணிகளில் வரிசையாகத் தொங்கும் பெட்ரோமாக்ஸ் விளக்குகள். சாயங்காலமானால் உங்கள் வீட்டுக்காரர், நான் அண்ணன் என்று கூப்பிட்டவர், ஒவ்வொன்றாக இறக்கி, அடிக்கிண்ணத்தில் ஸ்பிரிட் விட்டுப் பற்றவைப்பது. நீலச் சுடர் எழும்பி அடங்கியதும் அவர் பம்ப் அடிக்க அடிக்க மேன்டில் துணிவலை வெளுத்துக்கொண்டு வருவது.

"பயமா இருக்காம்மா? கையை இழுத்துக்கிறீங்களே" என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்றேன். நீங்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பதற்றம் மட்டும் என் உடம்பை விட்டு இன்னும் போகவில்லை.

மருங்காபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நர்ஸ் படிப்பு முடித்து, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துத் திருச்சிக்கு வந்த எனக்கு, உங்கள் மாடி அறையைத்தான் வாடகைக்குக் கொடுத்தீர்கள். தனியாக இருக்கிற கிறிஸ்தவப் பெண்ணுக்கு இடம் கொடுக்கலாமா என்று உறவில் யாரோ கேட்டபோது, "நம்ம வீட்டு விளக்கு கோயிலுக்கும் போகுது, தர்கா கொடிமரத்துக்கும் போகுது. ஒரு பொண்ணு மாடியில இருந்தா என்ன?" என்றீர்களாம். அண்ணன் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். உண்மைதான். கல்யாண வீடு, தர்கா கந்தூரி, ஸ்ரீரங்கத்து ஏகாதசிக் கடைகள், சமயபுரத்துக்கு நடந்து போகும் கூட்டம் என்று எல்லோருக்கும் உங்கள் வாடகை விளக்குக் கடையிலிருந்துதான் வெளிச்சம் போயிற்று.

பம்ப் அடிக்கும்போது சில நாள் அண்ணன் திடீரென்று நிறுத்திவிடுவார். இடது மார்பைக் கையால் அழுத்திக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்ப்பார். மாடிப்படியில் நின்று நான் பார்த்திருக்கிறேன். நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அந்தச் சின்ன விஷயம் ஒரு நாள் ஊரையே பிளக்கப் போகிறது என்று நமக்குத் தெரியாது.

விளக்கு வாடகைக்குப் போயிருந்த ஒரு கல்யாண வீட்டில் தங்கச் சங்கிலி காணாமல் போனது. மறுநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள்.

"ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போங்க பாய். ஐயா ஒரு வார்த்தை கேக்கணுமாம்."

அண்ணன் ஆணியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "டீயை மூடி வை. வந்து குடிக்கிறேன்" என்று உங்களிடம் சொல்லிவிட்டு, தானே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்து போனார். நான் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் முதுகு நிமிர்ந்துதான் இருந்தது. இதைப் பிற்பாடு பல பேர் என்னிடம் கேட்டார்கள். பல முறை சொன்னேன். நிமிர்ந்து, நன்றாக நடந்துதான் போனார்.

அடுத்த நாள் மத்தியானம் அவர் இறந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னார்கள். லாக்கப்பில் மயங்கி விழுந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் உயிர் போய்விட்டது என்றார்கள். பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், இருதயம் நின்றதால் மரணம் என்று எழுதிக் கொடுத்தார். அன்று மாலையே மையத்து, அவர் உடம்பு, வீட்டுக்கு வந்தது. குளிப்பாட்டியவர்கள் வெளியே வந்ததும் வராததுமாகச் சொன்ன வார்த்தை தெருவில் தீ மாதிரிப் பரவியது: "முதுகு பூரா நீலம். அடிச்சே கொன்னிருக்காங்க."

அன்றிலிருந்து ஊரில் எல்லோரும் டாக்டர் ஆகிவிட்டார்கள். சலூனில், காபி கிளப்பில், பஸ்ஸில், ரேஷன் வரிசையில் எல்லாம் இதே பேச்சு. ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்: இறந்த உடம்பு எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கம் ரத்தம் இறங்கித் தேங்கும், அதனால் நீலமாகும், அது காயம் அல்ல என்று. இன்னொரு டாக்டர் அதற்கு மறுப்பு எழுதினார். முதல் டாக்டரைப் போலீஸ் கைக்கூலி என்று சுவரில் கரியால் எழுதினார்கள். நான் வெள்ளைச் சேலையோடு பஸ் ஏறினால் போதும், யாராவது பிடித்துக்கொள்வார்கள்.

"நர்ஸம்மா, செத்த உடம்பு நீலமாகுமா, ஆகாதா? ஆமா இல்லைன்னு ஒரே வார்த்தையில சொல்லுங்க."

ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது என்று சொல்லவும் பயம். காது கேட்காதவள் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். எங்கள் மேட்ரன் ஒரு நாள் கூப்பிட்டு, "அந்த வீட்லதான் குடியிருக்கியாமே. வாயைத் திறந்து எதையாவது சொல்லி வச்சே, இங்க உனக்கு வேலை இருக்காது" என்றார்.

முதலில் ஒரு ஊர்வலம் போனது. பிறகு கடையடைப்பு. ஸ்டேஷன் மீது கல் விழுந்தது, தடியடி நடந்தது. கறிகாய் வாங்கப் போன ஒரு கிழவரை மண்டையெல்லாம் ரத்தமாக எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். நான்தான் தலையைப் பிடித்துக்கொண்டேன்; டாக்டர் தையல் போட்டார். "நான் எந்தப் பக்கமும் இல்லம்மா" என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நம் தெருமுனையில் ரிசர்வ் போலீஸ் லாரி ஒன்று நிரந்தரமாக நின்றது. ஒரு கடையின் இரும்புக் கதவு சடாரென்று இறங்கினால் போதும், அடுத்தடுத்துத் தெரு முழுக்க இறங்கும். அந்தச் சத்தம் கேட்டால் நான் படியில் ஓடி வருவேன். நீங்கள் உள்ளறையில் திரைக்குப் பின்னால் அசையாமல் இருப்பீர்கள்.

இத்தா இருந்தீர்கள். கணவனை இழந்தவள் நாலு மாதத்துக்கு மேல் வெளியே போகாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கவேண்டிய காலம். ஊர் முழுக்க உங்கள் வீட்டுக்காரர் உடம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. உங்களுக்கு மட்டும் தெருவைப் பார்க்க வழியில்லை. சாயங்காலம் நான் வந்து பத்திரிகையை வாசித்துக் காட்டவேண்டும். எதையும் விடாமல் வாசிக்கச் சொல்வீர்கள்.

ஒரு நாள் நான் வாசித்து முடித்ததும் கேட்டீர்கள்.

"தங்கச்சி, நீ படிச்சவ. அந்த நீலம் அடிதானே?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் உங்களுக்கு ஒரு பிடிப்பு கிடைத்திருக்கும். "அதை வச்சுச் சொல்ல முடியாது அக்கா. மல்லாக்கப் படுக்க வச்சிருந்தா எல்லா உடம்புக்கும் முதுகு நீலமாகும். எங்க வார்டுலயே பார்த்திருக்கேன்" என்றேன்.

நீங்கள் பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி மடித்தீர்கள். கோபித்துக்கொண்டீர்கள், நாளைக்கே அறையைக் காலி செய்யச் சொல்வீர்கள் என்று நினைத்தேன். மடித்துக்கொண்டே கேட்டீர்கள்.

"அப்ப எதை வச்சுச் சொல்ல முடியும்?"

"உள்ளே பார்த்தாத்தான். எலும்பு கிலும்பு முறிஞ்சிருந்தா இப்பவும் தெரியும்."

"கபரைத் தோண்டணுமா?"

"ஆமாக்கா."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய் நான் அழுதேன். உங்களுக்குத் தெரியாது.

அண்ணன் மனைவியான உங்களை மச்சி என்று கூப்பிடும் உங்கள் கொழுந்தனாருக்கு அது பிடிக்கவில்லை. "குளிப்பாட்டினவங்க கண்ணால பார்த்தது போதாதா மச்சி? அடக்கின மையத்தை எதுக்குக் கிளறணும்? தோண்டி ஒண்ணும் இல்லைன்னு வந்துட்டா?" என்று கத்தினார். அவர் கெட்டவர் அல்ல. அண்ணனைத் தோளில் தூக்கிப்போனவர். அவர் பயமும் நியாயமானதுதான். நீங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பிக் கேட்டீர்கள். நியாயத்துக்காக என்றால் தடையில்லை என்று அவர் சொல்லியனுப்பினார். விசாரணை அதிகாரி வந்து நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். திரைக்கு இந்தப் பக்கம் நான் தோண்டக் கோரும் மனுவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உங்கள் கை மட்டும் வெளியே வந்து கையெழுத்துப் போட்டது.

தோண்டிய அன்று காலையிலிருந்து நீங்கள் சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது. ஆம்பிளைகள் எல்லோரும் அடக்கம் செய்த கபுருஸ்தான் பக்கம் போய்விட்டார்கள். தெருவே காலியாக இருந்தது. ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், உங்களை இதில் இறக்கிவிட்டவள் நான்தானே என்று நினைத்துக்கொண்டே வாசலுக்கும் உள்ளறைக்கும் நடந்துகொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் ஒரு ஆள் ஓடி வந்து வாசலிலிருந்தே சொன்னான்: இடது பக்கம் நாலு விலா எலும்பு முறிந்திருக்கிறது, முறிந்த இடத்தில் ரத்தம் ஊறிக் கறுத்திருக்கிறது, உயிரோடு இருக்கும்போது முறிந்ததுதான் என்று வெளியூரிலிருந்து வந்த டாக்டர் எழுதியிருக்கிறார்.

தெருவில் ஆரவாரம் கேட்டது. நீங்கள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டீர்கள். "நாலு எலும்பா?" என்று மட்டும் கேட்டீர்கள். நமக்குச் சாதகமான செய்தி என்று நான் சந்தோஷப்பட்டது எவ்வளவு கொடூரம் என்று அப்போதுதான் உறைத்தது.

சப்-இன்ஸ்பெக்டர் மீதும் ஒரு கான்ஸ்டபிள் மீதும் வழக்கு வந்தது. விவாதம் ஓயவில்லை; இடம்தான் மாறியது. கல்யாண வீட்டில் பாய் ஏணியிலிருந்து விழுந்தார், விலா அப்போதே முறிந்திருக்கும் என்று எதிர்த்தரப்பு சொல்ல ஆரம்பித்தது. அதற்குச் சாட்சியும் வைத்திருந்தார்கள். அதோடு, அவருக்கு ஏற்கெனவே இருதய நோய், நெஞ்சு வலியில்தான் இறந்தார் என்றும் சொன்னார்கள். முதுகைப் பற்றிப் பேசிய வாய்களெல்லாம் இப்போது நெஞ்சைப் பற்றிப் பேசின.

இத்தா முடிந்தது. நீங்கள் சாட்சி சொல்லவேண்டிய தேதி நெருங்கியது. கொழுந்தனாரும், ஊர்வலமும் கடையடைப்பும் நடத்திய கமிட்டிக்காரர்கள் இரண்டு பேரும் வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள்.

"மச்சி, கோர்ட்ல நெஞ்சு வலிங்கற வார்த்தையே உங்க வாயில வரக்கூடாது. கேட்டாங்கன்னா, அவருக்குத் தலைவலி கூட வந்ததில்லைன்னு சொல்லிடுங்க."

நீங்கள் காலி டீத் தம்ளர்களை எடுத்துத் தட்டில் அடுக்கினீர்கள்.

"ஊரே உங்க பின்னாடி நிக்குது. எத்தனை பேர் அடி வாங்கியிருக்காங்க, எத்தனை பேர் ஜெயிலுக்குப் போயிருக்காங்க. ஒரு வார்த்தையில எல்லாம் மண்ணாயிடும்" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். பிறகு படியில் நின்ற என்னைப் பார்த்தார். "நீங்களும்தான் நர்ஸம்மா. நீங்க எதையும் பார்க்கல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் மாடிக்குப் போய் அறைக் கதவைத் தாழ்போட்டேன்.

நம் தரப்பில் அரசு வக்கீலுக்கு உதவியாக இருந்தவர் ஸ்ரீரங்கத்து வக்கீல் ஒருவர். நெற்றி நிறையத் திருமண், கறுப்புக் கோட்டு. நீங்கள் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பஸ் ஏறிப் பாலம் தாண்டி உத்தர வீதியில் அவர் வீட்டுக்குப் போனீர்கள். வாசல் அறையில் புத்தக அலமாரிக்கு நடுவே நம்மை உட்காரவைத்தார். நீங்கள் நேராகவே கேட்டீர்கள்.

"அவங்களுக்கு நெஞ்சு வலி இருந்தது நெசம். நான் என்ன சொல்லணும்?"

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொல்லுங்கோன்னு நான் சொல்லமாட்டேன்" என்றார். "நிஜத்தைச் சொன்னா கேஸ் நிக்குமான்னு கேட்டேள்னா, அதுவும் எனக்குத் தெரியாது. பெருமாள் விட்ட வழி."

அவர் தைரியம் சொல்லி அனுப்புவார் என்றுதான் நான் எதிர்பார்த்திருந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீங்கள் காவேரியையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள். பாலம் முடியும்போது மெதுவாகக் கேட்டீர்கள். "வலி இருந்துச்சுன்னு நான் சொன்னா, நானே அவங்களை இன்னொரு தடவை அடிச்ச மாதிரி ஆயிடுமா?" நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கோர்ட்டு நாளை நினைத்தால் இன்றும் எனக்கு வேர்க்கிறது. மரத்தடி, வராந்தா, மதில் சுவர் என்று எங்கே பார்த்தாலும் தலைகள். உங்கள் ஜட்கா வந்ததும் கூட்டம் கோஷம் போட்டு வழிவிட்டது. "அம்மா, தைரியமா சொல்லுங்கம்மா!" என்று யாரோ கத்தினார்கள். அன்பாகக் கத்திய அந்தக் குரல்தான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் தெளிவாகச் சொன்னீர்கள். செருப்புப் போட்டுக்கொண்டு தானே நடந்து போனதை, மூடி வைத்த டீயை. பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். மரியாதையாகத்தான் கேட்டார்.

"உங்க கணவருக்கு அடிக்கடி நெஞ்சு வலி வரும். சரிதானே?"

கொழுந்தனார் முன்வரிசையிலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என் கைக்குட்டையைக் கசக்கிப் பந்தாக்கிவிட்டேன்.

"வரும்" என்றீர்கள்.

"இடது பக்கமா?"

"ஆமாங்க."

"பல மாசமாவே இருந்ததா?"

"இருந்துச்சுங்க."

"அவ்வளவுதான் கனம் கோர்ட்டார் அவர்களே" என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். அந்த நொடியில் கதவருகே நின்றிருந்த ஒருவன் வெளியே பாய்ந்தான். அவன் பின்னால் இன்னும் சிலர். வராந்தாவில் இரைச்சல் கிளம்பியது. "பொண்டாட்டியே சொல்லிட்டாளாம்! நோய்தானாம்!" கொழுந்தனார் எழுந்து, உங்களைத் திரும்பிப் பாராமல் வெளியே போனார்.

ஸ்ரீரங்கத்து வக்கீல் குனிந்து அரசு வக்கீல் காதில் ஏதோ சொன்னார். அவர் மீண்டும் எழுந்தார். மறு விசாரணையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடைசியா எப்பம்மா வலி வந்தது? அப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

நீங்கள் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நீதிபதி, "பயப்படாமச் சொல்லுங்க" என்றார். துப்பட்டிக்குள்ளிருந்து உங்கள் வலது கை வெளியே வந்தது, உள்ளங்கையை விரித்தீர்கள்.

"போலீஸ் வந்ததுக்கு முந்தின நாள் ராத்திரி, கல்யாண வீட்டுல இருந்து திரும்பினதும் வந்துச்சு. கற்பூரத் தைலத்தைச் சூடு பண்ணி இந்தக் கையாலதான் தேய்ச்சு விட்டேன். நெஞ்சு, விலா எல்லாம் அழுத்தித்தான் தேய்ச்சேன். இன்னும் அழுத்துன்னு அவங்களே சொன்னாங்க. ஏணியில வழுக்கினது நெசம்தான், முழங்கால்ல தோல் உரிஞ்சிருந்துச்சு. விலா முறிஞ்ச மனுஷன் அழுத்துன்னு சொல்வாரா? எலும்பெல்லாம் ஒழுங்கா இருந்துச்சு ஐயா. என் கைக்குத் தெரியாதா?"

அப்புறம், யாரும் கேட்காமலே, இன்னும் ஒன்று சொன்னீர்கள். "நெஞ்சு வலி உள்ளவருன்னா அடிக்கலாமா ஐயா?"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு உங்களைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபித்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. வெளியிலிருந்த இரைச்சல்தான் விழுந்தது. உள்ளே சொன்ன இந்தப் பாதி இன்னும் தெருவுக்குப் போகவில்லை. முதல் பாதிதான் போயிருந்தது.

நாம் வராந்தாவுக்கு வந்ததும் அதே கூட்டம், அதே முகங்கள். "எவ்வளவு வாங்கினே?" என்று ஒரு குரல். "புருஷனைக் காட்டிக் கொடுத்தவ!" என்று இன்னொன்று. ஒரு செருப்பு உங்கள் தோளில் வந்து விழுந்தது. நான் உங்களை அணைத்துக்கொண்டு ஓடினேன். ஜட்காக்காரன் குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு எப்போதோ போய்விட்டிருந்தான். கோர்ட்டுச் சேவகரான டவாலி ஒருவர் பக்கவாட்டுக் கதவைத் திறந்து நம்மை உள்ளே இழுத்தார். அங்கிருந்து வக்கீலின் காரில் ஏற்றினார்கள். கல் ஒன்று பின்கண்ணாடியில் பட்டு, அது வலைவலையாக விரிந்து உடைந்தது. பாலக்கரைக்குப் போக வழியில்லை, வீட்டு முன்னால் கூட்டம் நிற்கிறது என்றார் டிரைவர். கார் பாலத்தில் ஏறியது. எதிரே வரும் ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்து நான் பயந்தேன்.

வக்கீல் வீட்டு மாமி வாசலுக்கே வந்துவிட்டார். மடி ஆசாரம் பார்க்கிற வீடு. நம்மைத் தொடாமல்தான் நின்றார். ஆனால், "உள்ளே வாங்கோ, உள்ளே வாங்கோ. கதவைச் சாத்தணும்" என்று பதறினார். வாசல் அறையில் பாயும் தலையணையும் போட்டார். வாழையிலையில் சாதம் போட்டு எட்டி நின்று பரிமாறினார். "அழாதேங்கோ. இங்கே யாரும் வரமாட்டா. வந்தா நான் போய் நிக்கறேன்" என்றார். நீங்கள் இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். அன்றைக்கு உங்கள் வயிற்றுக்குள் போன முதல் சோறு அதுதான்.

பொழுது சாய்ந்தபின் வக்கீல் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் வாசல் அறைக்கு வந்து நின்றார்.

"தைலம் தேய்ச்சதை என்கிட்ட ஏம்மா முன்னாடியே சொல்லலே? மாசக் கணக்கா நாங்க டாக்டர் புஸ்தகத்தைப் புரட்டிண்டு இருந்தோமே!"

நீங்கள் துப்பட்டியை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டீர்கள். "வெட்கமா இருந்துச்சுங்க. வேத்து ஆம்பிளைகிட்ட எப்படிச் சொல்றது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரு வக்கீலிடம் தனியாகச் சொல்லக் கூசியதைத்தான் நீங்கள் அத்தனை ஆண்களுக்கு முன்னால் கையை விரித்துச் சொன்னீர்கள் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் பத்திரிகைகளில் முழுச் சாட்சியமும் வந்தது. ஆனால் அதற்குள் முன்னறை விளக்குகளில் பாதி உடைந்திருந்தன. ஊர் கொஞ்சம் அடங்கியபிறகு நாம் திரும்பினோம். நீங்கள் ஒன்றும் பேசாமல் முந்தானையைச் செருகிக்கொண்டு கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட ஆரம்பித்தீர்கள். எதிர் வீட்டிலிருந்து ஒரு பெண் முறத்தோடு வந்து குனிந்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கூட்டி முடித்துவிட்டுப் போனார்கள்.

தீர்ப்பு வந்தது. விலா எலும்புகள் போலீஸ் காவலில்தான் முறிந்தன என்பதற்கு உங்கள் வார்த்தையை முழுக்க ஏற்றுக்கொண்டார் நீதிபதி. தனக்குப் பாதகமானதை மறைக்காத சாட்சி, சாதகமானதிலும் பொய் சொல்லியிருக்க முகாந்திரமில்லை என்று எழுதியிருந்தார். ஆனால் உயிர் போனது அடியாலா, நோயாலா என்பதை மருத்துவச் சாட்சியத்தைக் கொண்டு உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தார். கொலைக் குற்றம் இல்லை. கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்கு இரண்டு பேருக்கும் சிறை. போதாது என்று மறுபடி கல் பறந்தது. மறுபடி லாரி வந்து நின்றது. ஊர்வலத்தில் முன்னால் நடக்க உங்களைக் கூப்பிட வந்தார்கள். "அன்னைக்குச் செருப்பு வீசினவங்களும் இதுல வர்றாங்களா?" என்று கேட்டீர்கள். அவர்கள் போய்விட்டார்கள். பிறகு ஹைகோர்ட்டில் சப்-இன்ஸ்பெக்டருக்குச் சந்தேகத்தின் பலன் கொடுத்து விடுதலை செய்தார்கள். கான்ஸ்டபிள் மட்டும் தண்டனையை முடித்துவிட்டு வந்தான். அந்தச் சங்கிலி கடைசிவரை கிடைக்கவில்லை.

கொழுந்தனார் ரொம்ப நாள் வாசற்படி மிதிக்கவில்லை. ஒரு நோன்புப் பெருநாள் அன்று வந்து, தலை குனிந்து முன்னறையில் உட்கார்ந்தார். நீங்கள் ஒன்றும் நடக்காதது போலச் சேமியாக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தீர்கள். கடையை அதற்குள் நீங்களே நடத்த ஆரம்பித்திருந்தீர்கள். ஆள் வைத்து விளக்குகளை அனுப்பினாலும், மேன்டில் கட்டுவதை மட்டும் யாரிடமும் விடவில்லை.

அப்படி ஒரு சாயங்காலம் மேன்டில் கட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டீர்கள்.

"தங்கச்சி, அடி விழலைன்னா அவங்க இப்ப இருந்திருப்பாங்களா?"

எத்தனை பேர் எத்தனை விதமாகப் பேசி முடித்த கேள்வி! இருந்திருப்பார் என்று சொன்னால் உங்கள் கோபத்துக்கு ஒரு வடிகால். எப்படியும் போயிருப்பார் என்று சொன்னால் ஒரு சமாதானம். இரண்டும் என் நாக்கு நுனிவரை வந்தன. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

"தெரியலை அக்கா" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்தீர்கள். "தெரியலைன்னு நீ ஒருத்திதான் சொல்லியிருக்கே" என்றீர்கள். அதற்குமேல் அதைப் பற்றி நீங்கள் என்னிடம் பேசியதே இல்லை.

அதற்கப்புறம் எத்தனை வார்டுகள், எத்தனை வராந்தாக்கள். ஒரு அம்மாவோ ஒரு மகனோ என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, "பிழைச்சுக்குவாங்களா சிஸ்டர்?" என்று கேட்கும்போதெல்லாம், இதமான ஒரு பொய் வாய்க்குள் வந்து நிற்கும். அதை விழுங்கிவிட்டு, தெரிந்ததை மட்டும் சொல்லி, தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்வேன். சொல்வதற்கு முந்தைய அந்த ஒரு கணம் நெஞ்சு அன்றைக்குப் போலவே படபடக்கும். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரைக்கும் அது எனக்குப் பழகவே இல்லை. பழகாமல் இருந்ததே நல்லது என்றுதான் இப்போது தோன்றுகிறது, அக்கா.